கரை கட்டியவரும் கரை காத்தவரும்: கொடைக்கானல் ஏரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்கின்றவர் அங்குள்ள பள்ளிவாசலையும் கடைவீதியையும் கண்ட பின்னர், மாலைப் பொழுதில் நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் ஒரு நீர்நிலையாகவே இருக்கும். கெய்ரோ மாநகரின் பழைய அஸ்பகிய்யாக் குளக்கரை, 1619இல் ஷாலிமார் தோட்டம் அமைந்த காஷ்மீரத்துத் தல் ஏரிக்கரை, டெல்லி சுல்தான்கள் வெட்டிய ஹவ்ளுகளின் படித்துறைகள் ஆகிய யாவும் மக்கள் கூடிக் களித்த இடங்களே. நம் தமிழகத்தில் இவ்வகையில் முதலில் நினைவுக்கு வருவது பழனி மலைத்தொடரின் உச்சியில் உள்ள கொடைக்கானல் ஏரி. கோடை விடுமுறையில் இதன் கரையைச் சுற்றி வராத குடும்பங்கள் நம்மிடையே குறைவு எனலாம்.

இத்தகைய நீர்நிலைகளின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஏரியை அமைத்தவரின் பெயரும் ஆண்டும் தவறாமல் பதிவாகியுள்ளன. அதனைத் தூர் வாரியவர், வரத்துக் கால்வாயைத் திறந்து வைத்தவர், கழிவு கலவாமல் காத்தவர் ஆகியோரைப் பற்றிய குறிப்பு அரிதாகவே கிடைக்கிறது. ஆயினும் ஓர் ஏரியின் ஆயுளைத் தீர்மானித்தவர்கள் இந்த இரண்டாம் வகையினரே. இவ்வுண்மையைக் கொடைக்கானல் ஏரியை முன்வைத்தும், அதற்கு முற்பட்ட சில நீர்நிலைகளின் துணைகொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியின் தோற்றம்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்த ஒன்று என்று எண்ணுவோர் பலர். அது மனிதர் கட்டிய ஏரி. ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் வார்டு 1821இல் இம்மலைப் பகுதியை நில அளவை செய்தார். சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் துன்புற்ற மதுரை அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கு முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். அப்போது இன்றைய ஏரி இல்லை. சதுப்பான ஒரு பள்ளத்தாக்கும் அதில் வந்து சேர்ந்த ஓடைகளுமே இருந்தன.

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வீர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863இல் அவ்வோடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி ஏரியை உருவாக்கினார். ஓய்வு பெற்ற பின் அவர் கொடைக்கானலிலேயே குடியேறினார். பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள் நீர் புகுந்து நின்றமையால் ஏரி விண்மீன் வடிவம் பெற்றது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கரைக்கு வேண்டிய மண்ணைச் சுமந்த மலைமக்களையும் கூலியாட்களையும் எந்தச் சுற்றுலா ஏடும் குறிப்பிடுவதில்லை.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்தின் ஏரிகளுள் மிகப் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. கரை உடைந்தால் வயல் காயும். வயல் காய்ந்தால் ஊர் பசித்திருக்கும். ஆதலால் ஏரியைக் காப்பது ஊராரின் உயிர்த்தேவையாக இருந்தது. கொடைக்கானல் ஏரியோ கண்ணுக்கு இன்பம் தரவும் படகு விடவும் அமைந்தது. அது கெட்டால் உடனே பசித்திருப்பார் எவருமில்லை. அழகுக்காக அமைந்த நீர்நிலைக்குக் காவலர் அமைவது கடினம் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

சிலருக்குரியது பலருக்குரியதான கதை

தொடக்கத்தில் இவ்வேரி மலையில் வாழ்ந்த வெள்ளையரின் பொழுதுபோக்கிடமாகவே இருந்தது. சமவெளியிலிருந்து பெரியகுளம் வழியாக மலையேறியவர்கள் குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலிகளிலும் பல்லக்குகளிலுமோ வந்தனர். 1890இல் படகுத்துறை அமைந்தது. கழக உறுப்பினர்களுக்கே படகுகள் கிடைத்தன. 1908இல் மதுரையைச் சேர்ந்த வன அதிகாரி பிரையண்ட் என்பவர் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 20 ஏக்கரில் ஒரு தோட்டத்தை அமைத்தார். அதுவே இன்று அவர் பெயரால் வழங்கும் பிரையண்ட் பூங்கா. ஆண்டுதோறும் கோடையில் மலர்க்கண்காட்சி நடைபெறும் இடம். மோட்டார் வண்டிகள் செல்லத்தக்க மலைச்சாலை அமைந்த பின்னர் வருவோர் தொகை பெருகியது. 1932இல் படகுக் கழகம் தன் படகுகளைப் பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் திறந்துவிட்டது.

ஆக, ஏரி தோன்றி ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுமக்கள் அதன் நீர்ப்பரப்பில் படகேறிச் செல்ல முடிந்தது. நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்தமைந்த நபிமொழியை அறிந்த நமக்கு இம்மாற்றம் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பங்காளி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பயனில் பங்கு பெறுகின்றவர் பொறுப்பிலும் பங்கு பெறுகின்றார். கொடைக்கானலில் பயன் பொதுவாயிற்று. பொறுப்பு அவ்வாறு பொதுவாகவில்லை. இந்நிலை புதியதும் அன்று. இதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே டெல்லி இதனைக் கண்டிருக்கிறது.

டெல்லியின் இரு ஹவ்ளுகள்

பள்ளிவாசலில் உளூச் செய்யும் நீர்த்தொட்டியை நாம் 'ஹவ்ளு' என்கிறோம். அதே அரபுச் சொல்லே பாரசீக ஒலிப்பில் 'ஹவுஸ்' ஆகி டெல்லியின் இரு பெருங்குளங்களுக்குப் பெயராயிற்று. சுல்தான் இல்துத்மிஷ் ஏறத்தாழ 1230இல் அமைத்தது ஹவுஸே ஷம்ஸி. சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296–1316) தம் புதிய நகரான சீரியின் நீர்த்தேவைக்காக வெட்டியது ஹவுஸே அலாயி. பிற்காலத்தில் அது ஹவுஸே காஸ் என்று பெயர் பெற்றது. அதன் பரப்பு நூறு ஏக்கருக்கும் மேற்பட்டது.

1334இல் டெல்லிக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இவ்விரண்டையும் கண்டு எழுதியுள்ளார். ஹவுஸே ஷம்ஸியின் நடுவே செதுக்கிய கல்லால் அமைந்த ஈரடுக்கு மண்டபம் இருந்ததையும், நீர் நிறைந்திருக்கும்போது அங்கே படகில்தான் செல்ல முடியும் என்பதையும், நீர் குறைந்தபோது மக்கள் நடந்தே சென்றதையும் அவர் விவரிக்கிறார். ஹவுஸே காஸின் கரைகளில் ஏறத்தாழ நாற்பது குவிமாடங்கள் இருந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். நகரத்தார் நீர்க்கரைக்கு உலாச் செல்வதும் படகேறுவதும் ஐரோப்பியர் நமக்குக் கற்றுத் தந்த பழக்கம் என்று எண்ணுவோர் இக்குறிப்புகளைக் கருத வேண்டும். இதே இப்னு பதூதா 1340களில் மதுரைக்கும் வந்து, அப்போது அங்கு ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் விருந்தினராக இருந்தார் என்பது தமிழக வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் அப்பெருங்குளங்கள் விரைவிலேயே சீர்கெட்டன. 1351இல் அரியணை ஏறிய சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக், 'ஃபுதூஹாத்தே ஃபிரோஸ்ஷாஹி' என்னும் தம் குறிப்பேட்டில் இதனைப் பதிவு செய்துள்ளார். அலாவுத்தீனின் குளம் தூர்ந்து வற்றிக் கிடந்தது. மக்கள் அதனுள்ளேயே பயிர் செய்தனர். அங்கே கிணறு தோண்டி நீரை விலைக்கு விற்றனர். இல்துத்மிஷின் குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்களைச் சிலர் அடைத்து வைத்திருந்தனர். சுல்தான் முன்னதைத் தூர் வாரினார்; பின்னதற்குரிய வாய்க்கால்களைத் திறந்து, அடைத்தவர்களைத் தண்டித்தார். பொதுக்குளம் தனியார் வயலாவதும், இலவச நீர் விலைப்பொருளாவதும், வரத்துக் கால்வாய் ஆக்கிரமிக்கப்படுவதும் நம் காலத்துக்கே உரிய கேடுகள் அல்ல என்பதற்கு இப்பதிவு சான்று.

ஃபிரோஸ் ஷா அத்துடன் நில்லாமல் 1352இல் அக்குளக்கரையில் ஒரு மத்ரஸாவை எழுப்பினார். நீரை நோக்கிய மாடங்களுடன் கூடிய அந்தக் கல்விக்கூடத்தின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. அவருடைய கல்லறையும் அங்கேயே உள்ளது. குளக்கரையில் ஒரு நிலையான நிறுவனம் இருந்தால் குளத்தின் நலனைக் கண்காணிக்க நாள்தோறும் ஆட்கள் இருப்பர். மத்ரஸா கட்டும்போது சுல்தானின் உள்ளத்தில் இந்நோக்கம் இருந்ததா என்று கூற இயலாது. எனினும் அதன் விளைவு அத்தகையதாகவே இருந்திருக்கும்.

பிற்காலத்தில் மத்ரஸா மறைந்தது. நகரம் பெருகி நீர்வரத்து அறுந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவுஸே காஸ் வறண்ட பள்ளமாயிற்று. சுற்றுப்புறம் பூங்காவாக மாற்றப்பட்ட பின், 2000களில் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவந்து குளத்தின் ஒரு பகுதியை நிரப்பினர். இன்று அங்கு உலாவச் செல்வோர் காண்பது அலாவுத்தீனின் மழைநீர் அன்று.

வாரியமும் வக்ஃபும்

பேணும் பொறுப்பை ஒரு மன்னரின் நற்குணத்தை நம்பி விடாமல் நிலையான ஏற்பாடாக ஆக்கிய இரு மரபுகள் நமக்கு உண்டு. ஒன்று தமிழ் மண்ணுக்குரியது. மற்றொன்று இஸ்லாமியச் சட்டத்துக்குரியது.

முதலாம் பராந்தக சோழன் காலத்திய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் போற்றப்படுகின்றன. அவ்வோலைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்தன என்பது நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியே பொறுப்பாளர். அவர்களுக்கு ஓராண்டுப் பதவிக்காலம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை. கணக்குக் காட்டுதல் என்னும் இந்த ஒரு விதியே அம்முறையின் உயிர்நாடி.

இஸ்லாமியச் சட்டத்தில் வக்ஃபு பற்றிய பகுதியைப் பயின்றவர்கள் மற்றொரு விதியை அறிவர். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானி (மறைவு ஹி. 593 / கி.பி. 1197) இதனைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். வக்ஃபுச் சொத்திலிருந்து வரும் வருமானத்தை முதலில் அச்சொத்தின் பராமரிப்புக்கே செலவிட வேண்டும். வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதித்திருந்தாலும் விதிக்காவிட்டாலும் சரியே. பயன்பெறுவோரின் பங்கு அதற்குப் பின்னரே வரும். காரணம் எளியது: வக்ஃபின் நோக்கம் பயன் இடையறாது தொடர்வது; மூலம் அழிந்தால் பயனும் அற்றுப்போகும். ஸதகா ஜாரியா என்பதன் பொருளே ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்பதன்றோ! கிணறு வெட்டியவரின் நன்மை அக்கிணறு நீர் தரும் வரையில் தொடர்கிறது என்றால், அதனைத் தூர் வாரி நீர் தரச் செய்பவரும் அந்நன்மையில் பங்குடையவரே.

கொடைக்கானல் ஏரி வக்ஃபு அன்று. அதன் மீது வக்ஃபுச் சட்டம் செல்லாது என்பதையும் அனைவரும் அறிவர். ஆயினும் வருமானத்தில் முதல் உரிமை பராமரிப்புக்கே என்னும் நெறி, பொதுச்சொத்து எதற்கும் பொருந்தும் அறிவுடைய நெறியாகும். படகுக் கட்டணமும் பூங்கா நுழைவுக் கட்டணமும் விடுதி வருவாயும் அந்த ஏரியை நம்பியே வருகின்றன. அவற்றுள் எவ்வளவு ஏரியின் ஓடைகளுக்கும் தூர் வாருதலுக்கும் கழிவுநீர்த் தடுப்புக்கும் திரும்பச் செல்கிறது என்று கேட்பது பயணியின் உரிமை.

நிறமும் சுவையும் மணமும்

பராமரிப்பு என்பது கரையோர நடைபாதையையும் மின்விளக்கையும் பற்றியது மட்டும் அன்று. நீரின் தூய்மை பற்றிப் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பெருமளவு நீரில் அசுத்தம் விழுந்தால், அந்நீரின் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றுள் ஒன்றேனும் மாறினாலன்றி அது அசுத்தமாவதில்லை என்பது அறிஞர்களின் பொதுவான தீர்ப்பு. அக்காலத்து மனிதருக்குக் கைவசம் இருந்த புலன்களைக் கொண்டு அமைந்த மிக நுட்பமான அளவுகோல் இது. நம் காலம் இம்மூன்று புலன்களுக்கும் அகப்படாத நஞ்சுகளையும் உண்டாக்கிவிட்டது.

கொடைக்கானலில் இயங்கிவந்த ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊரின் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அணுசக்தித் துறையைச் சார்ந்த ஹைதராபாத் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் ஏரிநீரைச் சோதித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசமும், அதில் ஏறத்தாழ 50 நானோகிராம் மெத்தில் பாதரச வடிவிலும் இருந்தன. மெத்தில் பாதரசம் மீனின் உடலில் சேர்ந்து, உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்க வல்லது. தொழிற்சாலையிலிருந்து வெளிப்பட்ட பாதரசமே ஏரியின் மாசுக்குக் காரணம் என்று அவ்வாய்வு முடிவு கூறியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் 2016இல் உடன்பாடு கண்டது. இத்தனைக்கும் ஏரியின் நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை, படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் மற்றொரு கருத்து 'ஹரீம்'. ஒரு கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட முழ அளவுக்கு வேறெவரும் தோண்டவோ கட்டவோ கூடாத காப்பு வட்டம் அது. ஹனஃபி நூல்கள் சாதாரணக் கிணற்றுக்கு 40 முழமும், ஊற்றுக்கு 500 முழமும் கூறுகின்றன. நீர்நிலை என்பது நீர்ப்பரப்பு மட்டும் அன்று, அதற்கு நீர் தரும் நிலமும் சேர்ந்ததே என்னும் அறிவு இதனுள் அடங்கியிருக்கிறது. பழனி மலையில் அந்நிலம் சோலைக்காடும் புல்வெளியும் ஆகும். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றவை அவை. அவற்றின் இடத்தில் தைல மரமும் சீகை மரமும் பைன் மரமும் பயிரிடப்பட்ட வரலாறு ஏரியின் வரலாற்றோடு பிணைந்தது.

இதே மலைத்தொடரில் பேரிஜம் ஏரி உள்ளது. அது காப்புக்காட்டினுள் அமைந்து, பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. வனத்துறையின் அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களே அங்கே செல்ல முடியும். ஒரே மலையில் இரண்டு ஏரிகள். ஒன்றைச் சுற்றி ஹரீம் போன்றதொரு காப்பு வட்டம் இருக்கிறது. மற்றொன்றைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் இருக்கின்றன. குடிக்கும் நீருக்கு உள்ள மதிப்பு, காணும் நீருக்கும் கிடைக்க வேண்டாவா? கொடைக்கானல் ஏரியில் நிறைந்து வழியும் நீர் மலைச்சாலையில் வெள்ளி அருவியாக விழுந்து கீழே செல்கிறது. மேலே பார்ப்பதற்கென இருக்கும் நீர், கீழே பிறரின் பயன்பாட்டு நீராகிறது என்பதை மறத்தல் ஆகாது.

இன்றைய நிலை

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைப் பருவத்தில், கொடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000 வாகனங்களும், வார இறுதியில் 6,000 வாகனங்களும் என்று வரம்பு வகுக்கப்பட்டது. இதனை வணிகத்துக்கு இடையூறு என்று கூறுவோரின் கவலையைப் புறக்கணிக்க இயலாது. படகோட்டியும் குதிரைக்காரரும் சிறுகடைக்காரரும் அப்பருவ வருவாயில்தான் ஆண்டு முழுவதும் வாழ்கின்றனர். எனினும் மூலம் கெட்ட பின் அவர்களுக்குப் பிழைப்பு ஏது? மர்கீனானி கூறிய வரிசைமுறை அவர்களின் நலனையும் உள்ளடக்கியதே.

வரம்பு விதிப்பது பாதிப் பணி. உத்திரமேரூர் கற்பித்தபடி ஏரிக்கென்று ஒரு வாரியம், அதற்குக் குறுகிய பதவிக்காலம், ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் கணக்கு, அக்கணக்கில் முதல் வரியாகப் பராமரிப்புச் செலவு, அத்துடன் ஏரிநீரின் சோதனை முடிவு ஆகியவை அமைந்தால் மறுபாதியும் நிறைவேறும். படகுத்துறையில் கட்டணப் பட்டியல் தொங்குவது போல் அச்சோதனை முடிவும் தொங்கவேண்டும்.

இது அரசுக்கும் நகராட்சிக்கும் மட்டும் சொல்லப்படுவது அன்று. நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் முன்னோர் வெட்டிய ஹவ்ளுகள் மூடப்பட்டுக் குழாய்கள் வந்துவிட்டன. குளங்களுக்கும் கிணறுகளுக்கும் என்று எழுதிவைத்த வக்ஃபு நிலங்களின் வருவாய் வேறு செலவுகளுக்குப் போய்விட்ட ஊர்களும் உண்டு. புதிய கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் தாராளமாகத் தருகின்ற நம்மவர், பழைய குளத்தைத் தூர் வாரக் கேட்டால் தயங்குகின்றனர்; புதியதில் பெயர் பொறிக்கக் கல் கிடைக்கும் என்பதே இதற்குக் காரணம். மஹல்லாவின் அடுத்த கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது, நமக்கென முன்னோர் விட்டுச் சென்ற நீர்நிலைக்கு இவ்வாண்டு என்ன செலவாயிற்று என்று ஒருவரேனும் எழுந்து கேட்டால், கொடைக்கானலுக்குச் சொல்லும் அறிவுரையை நாம் முதலில் நமக்கே சொல்லிக்கொண்டவர்களாவோம்.